முறைத் தூக்கம்

வாய்க்கால் கரையிலிருந்து பார்த்தால் மோட்டலின் பின்வரிசை ஜன்னல்கள் எல்லாம் தெரியும். இடது கோடியிலிருந்து நான்காவது ஜன்னல் டெல்ஃபினாவுடையது. மஞ்சள் திரை போட்டிருந்தாள். மாலையில் விளக்கைப் போட்டதும் அந்த ஜன்னல் சுட்ட ரொட்டியின் நிறத்துக்கு வந்துவிடும். மற்ற ஜன்னல்களிலும் விளக்கு எரியத்தான் செய்தது. நடீனின் கண்ணில் அவை படவே இல்லை. அந்த ஒன்று மட்டும் கண்ணில் விழுந்த தூசிபோல் உறுத்தியது.

கூடாரத்தின் வாயை வேறு பக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். நெடுஞ்சாலையில் போகும் லாரிகளின் வெளிச்சம் முகத்தில் அடித்தது. மறுநாளே பழையபடி மாற்றினாள். லாரி வெளிச்சம்தான் காரணம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் உள்ளுக்குள் தெரியும். அந்த ஜன்னலைப் பார்த்தால் எரிந்தது, பார்க்காமல் இருந்தால் இன்னும் அதிகமாக எரிந்தது.

பாதாம் தோப்புகளுக்கு நடுவே ஓடும் அந்தப் பாசன வாய்க்காலின் கரையில் அவளும் டெல்ஃபினாவும் நான்கு குளிர்காலங்களைப் பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்களில் கழித்திருந்தார்கள். தெருவில் வாழும் பெண்ணுக்கு இரவு முழுதாகக் கிடைப்பதில்லை. பக்கத்தில் நம்பிக்கையான ஒருத்தி இருந்தால் பாதி கிடைக்கும். ஒருத்தி தூங்குவாள். மற்றவள் தள்ளுவண்டியில் முதுகைச் சாய்த்து, மடியில் ஒரு கம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு முறை மாறும். தூங்கப் போகிறவள் ஒருமுறை கேட்பாள், "முழிச்சிருக்கியா?" என்று. "முழிச்சிருக்கேன், தூங்கு" என்று மற்றவள் சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் கண் மூடும். பகலில் இரண்டு பேரும் சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நாட்களிலும் அந்த ஒரு கேள்வியும் பதிலும் தவறியதில்லை.

அப்போதெல்லாம் அந்த மோட்டல் ராத்தங்கிப் போகிறவர்களுக்கானது. டெல்ஃபினாவின் இன்சுலின் மருந்து வெயிலில் கெட்டுப்போகாமல் இருக்க நடீன்தான் அங்கே போய் ஐஸ் இயந்திரத்திலிருந்து ஒரு குவளை அள்ளிக்கொண்டு வருவாள். வரவேற்பு மேசையில் இருந்தவர் பார்த்தும் பார்க்காதவராக இருந்துவிடுவார். பிறகு ஒருநாள் பெயர்ப்பலகை இறங்கியது. மாவட்ட நிர்வாகம் மோட்டலை வாங்கிவிட்டது. பழைய கம்பளங்களைச் சுருட்டி வெளியே எறிந்தார்கள். நீச்சல் குளத்தில் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். தொலைக்காட்சிப் பெட்டி இருந்த இடத்தில் ஒவ்வொரு அறையிலும் சின்ன அடுப்பும் தொட்டியும் வைத்தார்கள். தெருவில் இருப்பவர்களுக்காம், ஒரு ராத்திரிக்கு இல்லை, இஷ்டப்பட்டால் சாகும்வரை இருக்கலாமாம், வாடகை வருமானத்துக்குத் தகுந்தபடி கொஞ்சமாம் என்று கரையெல்லாம் பேச்சு.

"மகாராணிங்களே, பெட்டியக் கட்டுங்க" என்றான் லவெல். மேம்பாலத்துக்கு அடியில் இருப்பவன், காலி பாட்டில் பொறுக்கி விற்பவன். "உங்களுக்குன்னுதான் வெள்ளையடிக்கிறாங்க."

யாருக்கு அறை என்பதை முடிவுசெய்ய இமானி வந்தாள். சின்னப் பெண், தலைமுடியை மெல்லிய பின்னல்களாகப் பின்னி உச்சியில் கட்டியிருந்தாள். கையில் பரீட்சை அட்டை, மடக்கு நாற்காலி. ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டாள். உடம்புக்கு என்ன, தெருவில் யாராவது அடித்தார்களா, ஞாபகம் தவறுகிறதா, கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினாய். நடீன் முதல் நாளே முகம் கழுவி, தலை வாரி, கிழியாத சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்தான். நல்லா இருக்கேன். ஒரு பிரச்சினையும் இல்ல. பாத்துக்குவேன்.

அவளுக்கு வேறு மாதிரி பதில் சொல்ல வராது. கையில் அட்டையோடு வந்த யாருக்கும் கரையில் இருப்பவர்கள் அப்படித்தான் பதில் சொல்வார்கள். அட்டையோடு போலீஸ்காரன் வருவான், கூடாரத்தைப் பிரித்துக் குப்பை வண்டியில் போடுகிறவன் வருவான், மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போகிறவன் வருவான். நல்லா இருக்கேன் என்றால்தான் விட்டுவிட்டுப் போவார்கள். தவிர, நடீனின் குடும்பத்தில் யாரும் யாரிடமும் கை நீட்டியதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை போனபோதும், புருஷன் செத்த பிறகு வீட்டைக் காலி செய்தபோதும் அவள் யார் முன்னாலும் அழவில்லை.

டெல்ஃபினாவுக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருந்தாள். "நல்லா இருக்கேன்னு சொல்லுடி. அதிகமா வாயத் தெறந்த, ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டுருவாங்க."

டெல்ஃபினா நாற்காலியில் உட்கார்ந்து முதல் கேள்விக்கே உடைந்துபோனாள். சர்க்கரை நோயால் கண் மங்குவது, கால் புண் ஆறாமல் இருப்பது, முன்பொரு நாள் மேம்பாலத்துக்குக் கீழே ஒருவன் அவளை அடித்துப் போட்டது, மகள் தொலைபேசியை எடுக்காதது, எல்லாம் அழுகையோடு வந்து கொட்டியது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து நடீன் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பு கூசியது. இமானி போனபிறகு, "மானத்த வாங்கிட்டியே" என்றாள். டெல்ஃபினா மூக்கைச் சிந்திக்கொண்டு, "எனக்கு மறைக்கத் தெரியலடி" என்றாள்.

யார் மிகவும் மோசமான நிலையில் இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் முதலில் அறை. அது நடீனுக்குத் தெரிந்தபோது டெல்ஃபினாவின் கழுத்தில் ஒரு கயிற்றில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

டெல்ஃபினா அதைப் பெருமைக்குக் காட்டவில்லை. அதுதான் நடீனுக்கு இன்னும் கசந்தது. பெருமையடித்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் வெட்கப்பட்டாள். சாவியைச் சட்டைக்குள்ளே போட்டுக்கொண்டு, "உனக்கும் வரும்டி" என்றாள். அந்த வார்த்தையை நடீன் பல நாள் உருட்டிப் பார்த்தாள். இரக்கப்படுகிற இடத்தில் எப்போதும் தானே இருந்திருக்கிறோம், ஐஸ் கொண்டுவருகிறவளாக, தாள்களைப் படித்துச் சொல்கிறவளாக, முதல் பாதி விழித்திருக்கிறவளாக. இப்போது இடம் மாறிவிட்டது. அறை போனதுகூடப் பெரிதில்லை. அந்த இடம் போனதுதான் தாங்கவில்லை.

தனியாகிவிட்ட பிறகு நடீனால் தூங்க முடியவில்லை. இரவு முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பகலில் நூலகத்தின் நாற்காலியில் தலை தொங்கும், காவலாளி வந்து தட்டி எழுப்புவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபினா சாப்பிடக் கூப்பிட்டாள். பழைய வரவேற்பறையில் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போகவேண்டும், விருந்தாளிகள் இரவு ஒன்பது மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். நடீன் உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் எடை போட்டாள். கதவில் உள்பக்கத் தாழ்ப்பாள். சுவரில் சூடாக்கி, திருகினால் வெதுவெதுவென்று காற்று. குளியலறையில் வெள்ளைத் துண்டு. அலமாரியில் மூன்று தட்டு, மூன்று கோப்பை. மூன்று எதற்கு? யார் வரப்போகிறார்கள்? டெல்ஃபினா அடுப்பில் பீன்ஸைக் கிளறிக்கொண்டே தொண்டை வலிக்கப் பேசினாள். வாய்க்கால் கரையில் இருந்தபோது இவ்வளவு பேசமாட்டாள்.

அப்போதுதான் நடீன் கட்டிலைப் பார்த்தாள். புது விரிப்பு. பொட்டலத்திலிருந்து பிரித்தபோது இருந்த மடிப்புக் கோடுகள் அப்படியே கலையாமல் இருந்தன. கதவை ஒட்டித் தரையில் ஒரு போர்வையும் சுருட்டிய ஜாக்கெட்டும் கிடந்தன.

"நீ கட்டில்ல படுக்கறதில்லையா?"

டெல்ஃபினா கரண்டியை வைத்தாள். "படுத்தா கண்ணு மூடமாட்டேங்குதுடி. கதவுக்கு முதுக வச்சு உக்காந்தா கொஞ்சம் அசருது. ஷூவக் கழட்டவே பயமா இருக்கு. முழிச்சிருக்கேன்னு சொல்ல ஆள் இல்லையே."

நடீனின் நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ பரவியது. என்ன அது என்று அவளுக்கு உடனே புரியவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டிய இடம், முகத்தையும் அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டாள். ஆனால் உள்ளே ஒருத்தி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, நன்றாக வேண்டும் என்றாள். இவ்வளவும் கிடைத்தும் தூக்கம் கிடைக்கவில்லை அல்லவா. அது மட்டும் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

பீன்ஸ் நன்றாக இருந்தது. இரண்டு முறை போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் அந்தி சாயும்போது டெல்ஃபினா போர்வையோடு கரைக்கு வந்தாள். இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்றாள். நடீன் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, தார்ப்பாயை இழுத்துவிட்டு, அவளுக்கு இடம் பண்ணிக்கொடுத்தாள். முதல் பாதி டெல்ஃபினா தூங்கினாள், பின் பாதி நடீன். எத்தனையோ நாளுக்குப் பிறகு நடீன் கனவில்லாமல் தூங்கினாள். மறுநாளும் டெல்ஃபினா வந்தாள். அதற்கு மறுநாளும். காலையில் எழுந்து அறைக்குப் போவாள், குளிப்பாள், சமைப்பாள், கால் புண்ணுக்குக் கட்டுப்போட மருத்துவமனைக்குப் போவாள், மாலையில் ஒரு டப்பாவில் சூடாக ஏதாவது எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

லவெல் ஒருநாள் நின்று பார்த்தான். "வீடு குடுத்தாலும் நாய் வாசல்லதான் படுக்குது பாரு" என்றான்.

"உனக்குப் பொறாமை" என்றாள் டெல்ஃபினா சிரித்துக்கொண்டே.

"பொறாமை எனக்கா?" என்று லவெல் நடீனைப் பார்த்தான். நடீன் டப்பாவின் மூடியை அழுத்தித் திறந்துகொண்டிருந்தாள்.

இப்படி இரண்டு வாரம் போனபிறகு ஒரு செவ்வாய்க்கிழமை இமானி கரைக்கு வந்தாள். டெல்ஃபினா அப்போது கால் கட்டை மாற்ற மருத்துவமனைக்குப் போயிருந்தாள்.

"மிஸ் நடீன், டெல்ஃபினாவப் பாத்தீங்களா? சாயங்காலம் நான் போற நேரமெல்லாம் ரூம் பூட்டியிருக்கு. தொறந்து பாத்தா கட்டில் போட்டது போட்டபடி இருக்கு. விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு மேனேஜர் நினைக்கிறாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அவங்க என்னை வந்து பாக்கணும். இல்லன்னா ரூம் வேற ஆளுக்குப் போயிடும். கதவுக்கடியில தாள் போட்டேன். ஆனா அவங்க கண்ணு உங்களுக்குத் தெரியும்ல, அதான் நேர்ல சொல்ல வந்தேன். சொல்லிருவீங்கள்ல?"

"சொல்றேன்" என்றாள் நடீன்.

"நீங்க எப்பிடி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்."

அன்று மாலை டெல்ஃபினா கோழி சூப் கொண்டுவந்தாள். நடீன் குடித்தாள். சொல்ல வேண்டியது தொண்டையில் இருந்தது, சூப் அதைத் தாண்டி இறங்கியது. இப்போது வேண்டாம், சாப்பிடும் நேரம் என்று நினைத்தாள். பிறகு, பாவம் தூங்கட்டும், காலையில் சொல்லலாம் என்று நினைத்தாள். காலையில் டெல்ஃபினா கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். இப்படி ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு நல்ல காரணம் தானாக வந்து கைகொடுத்தது. அந்தக் காரணங்கள் எல்லாமே அன்பான காரணங்களாக இருந்ததுதான் நடீனுக்கே ஆச்சரியம். நான் பொய் சொல்லவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வா என்று கூப்பிடக்கூட இல்லை. அவளாக வருகிறாள், நான் போர்வை விரித்துக் கொடுக்கிறேன். ஒரு சிநேகிதி வேறென்ன செய்வாள்? இன்னொரு போர்வையையும் கொண்டுவந்து டெல்ஃபினாவின் காலில் போட்டாள். போடும்போது தன் கைகளைப் பார்த்தாள். இவ்வளவு பதமாக அவள் எப்போதும் போர்த்தியதில்லை.

வியாழக்கிழமை அந்தியில் தரைப்பனி இறங்கத் தொடங்கியது. குளிர்காலத்தில் அந்தப் பக்கத்தில் பனி வானத்திலிருந்து வராது, வயலிலிருந்து எழும்பி இடுப்பு உயரத்துக்கு நிற்கும். இரண்டு பேரும் தார்ப்பாய்க்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். பனிக்கு மேலே மஞ்சள் ஜன்னல் மட்டும் மிதந்தது.

"வெளக்க அணைக்காமத்தான் வர்றியா?"

"ஆள் இருக்குன்னு நினைக்கட்டும்னு போட்டுட்டு வர்றேன். கன்னம் வச்சிட்டாங்கன்னா?" என்றாள் டெல்ஃபினா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க இருந்து பாத்தா என் ரூம் எவ்ளோ அழகா இருக்குல்ல? உள்ள இருந்தா தெரியவே மாட்டேங்குது" என்றாள்.

நடீன் அந்த ஜன்னலைப் பார்த்தாள். இத்தனை நாளாக ராத்திரி ராத்திரி தன்னைத் தின்ற விளக்கு. அந்த வெளிச்சத்தில் டெல்ஃபினா கால் நீட்டிப் படுத்திருக்கிறாள் என்று நினைத்து எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறாள். அங்கே ஒருவரும் இல்லை. இவளோ பக்கத்தில், ஈரத்தில், தன் தோளில் சாய்ந்துகொண்டு. என்றாலும் எரிச்சல் அடங்கவில்லை. ஆளில்லாத அறையின்மேல்கூடப் பொறாமைப்பட முடிகிறதே என்று நினைத்தாள். டெல்ஃபினாவிடம் இருப்பது தனக்கு வேண்டும் என்பதா இது, டெல்ஃபினாவிடம் அது இருக்கக்கூடாது என்பதா? இரண்டும் ஒன்றில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எது தன்னுடையது என்று மட்டும் அவள் பார்க்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டெல்ஃபினா அறைக்குப் போனபிறகு நடீன் முகம் கழுவினாள். தலை வாரினாள். கிழியாத சட்டையைப் போட்டாள். எதற்கு என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கால்கள் மோட்டலின் பழைய வரவேற்பறைக்குப் போய் நின்றன. இமானி மேசைக்குப் பின்னால் இருந்தாள்; முன்னால் போட்டிருந்த அவளுடைய மடக்கு நாற்காலியில் நடீன் உட்கார்ந்தாள். பணியாளரைக் கூப்பிடும் பித்தளை மணி இன்னும் மேசைமேல் இருந்தது.

டெல்ஃபினா ராத்திரியெல்லாம் கரையில்தான் படுக்கிறாள் என்று சொன்னாள் நடீன். அவளுக்கு அந்த அறை ஒத்துவரவில்லை, சும்மாக் கிடக்கிறது, அதனால் அதைத் தனக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். தன் குரல் பள்ளிக்கூடச் சமையலறையில் கணக்குச் சொல்வதுபோல் அவ்வளவு நிதானமாக இருப்பதை அவளே கேட்டாள்.

இமானி பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பிடி மாத்திக் குடுக்க முடியாது, மிஸ் நடீன். ரொம்ப முடியாம இருக்கறவங்களுக்குத்தான் முதல்ல. நீங்கதான் எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டீங்களே. உங்களுக்கு முன்னாடி நெறைய பேர் இருக்காங்க."

"அவளவிட நான் என்ன நல்லா இருக்கேன்?"

கேட்டபோது குரல் உடையும் என்று நடீன் எதிர்பார்க்கவில்லை.

"அவ கண்ணு மங்குதுன்னு அழுதா, குடுத்துட்டீங்க. எனக்கு எந்த வருஷம்னே சில நேரம் தெரியல, போன வாரம் நூலகத்துல இருந்து கரைக்கு வழி மறந்துபோய் நின்னேன். அவளுக்குக் கால்ல புண்ணுன்னா எனக்குக் கால் இருக்கான்னே தெரியல. அவள ஒருத்தன் அடிச்சான். என் கூடாரத்த ஒருத்தன் கத்தியால கிழிச்சுட்டு உள்ள வந்தான். அத நான் யாருகிட்டயாவது சொன்னேனா? அவகிட்டகூடச் சொல்லல. அவ தூங்கட்டும்னு நாலு வருஷம் பாதி ராத்திரி முழிச்சிருந்தது நான். அவளுக்குத்தான் சாவியா?"

பேசி முடித்ததும் சுவர்க்கடிகாரம் கேட்டது. நடீனுக்கு மெதுவாகப் புரிந்தது, எந்த நாற்காலியில் டெல்ஃபினா உட்கார்ந்து அழுதபோது தன் உடம்பு கூசியதோ அதே நாற்காலியில்தான் தானும் இப்போது இருக்கிறோம் என்று. இரக்கம் வேண்டி வந்திருந்தால் வாய் திறந்திருக்காது. பொறாமைதான் அத்தனையையும் இழுத்துக்கொண்டு வந்து வெளியே போட்டது.

"ஷூவக் கழட்டிக் காட்டுவீங்களா?" என்றாள் இமானி.

நடீன் கழட்டினாள். இடது காலின் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. இமானி குனிந்து பார்த்தாள், தொடவில்லை. பிறகு அட்டையை எடுத்தாள். "மறுபடியும் முதல்ல இருந்து கேக்கட்டுமா?"

கேட்டாள். நடீன் ஒவ்வொன்றுக்கும் உள்ளதைச் சொன்னாள். ஒவ்வொரு ஆமாவுக்கும் உள்ளே ஏதோ ஒன்று அவிழ்ந்து தரையில் விழுவதுபோல் இருந்தது. நாளைக்கே அந்த விரல்களை மருத்துவரிடம் காட்ட ஏற்பாடு செய்கிறேன் என்றாள் இமானி. அறையைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, மாதக்கணக்கில் ஆகலாம் என்றாள். நடீன் தலையாட்டினாள். ஷூவைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பி வந்தாள்.

"நீங்க சொன்னத நான் டெல்ஃபினாகிட்ட சொல்லல."

இமானி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ ரூம் வேண்டாம்னு வரல. அவளுக்குத் தூங்க யாராவது முழிச்சிருக்கணும். நாங்க அப்பிடியே பழகிட்டோம். ரூம எடுத்துராதீங்க."

இமானி அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். திட்டிவிட்டால் நன்றாக இருக்கும்போல் இருந்தது நடீனுக்கு. கடைசியில் இமானி சொன்னது இவ்வளவுதான். "அஞ்சு மணிக்கு மேனேஜர் போயிடுவாரு. போய் அவங்கள வரச் சொல்லுங்க."

டெல்ஃபினா அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நடீன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், செவ்வாய்க்கிழமையிலிருந்து. தான் மறந்துவிட்டதாகச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஞாபகம் தவறுகிறது என்று இப்போதுதான் ஒருத்தியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், டெல்ஃபினாவும் நம்புவாள். ஆனால் அதைச் சொல்லவில்லை.

"ஏன்டி?" என்றாள் டெல்ஃபினா.

"உங்கிட்ட இருக்கறது பொறுக்கல."

டெல்ஃபினா வாணலியை அடுப்பிலிருந்து தூக்கித் தொட்டியில் போட்டாள். எண்ணெய் சுரீரென்று சத்தம் போட்டது. "தெனம் சூப் கொண்டுவந்தேனே. குடிச்சியே. குடிச்சுட்டு வாயத் தொடச்சியே" என்றாள். பிறகு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, அவளை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே போனாள். நடீன் அங்கேயே நின்றாள். போகலாமா, இருக்கலாமா என்று தெரியவில்லை. தொட்டியில் கிடந்த வாணலியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள்.

டெல்ஃபினா திரும்பி வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. அழுதிருந்தாள். மேனேஜர் தவணை கொடுத்திருக்கிறார், இனிமேல் இரவில் அறையில்தான் இருக்கவேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு, "உம்மேல எனக்குக் கொலவெறி வருது" என்றாள்.

"தெரியுது."

"நீ பேசாத. உக்காரு." கதவோரம் இருந்த நாற்காலியைக் காலால் நடீன் பக்கம் தள்ளினாள். "நான் தூங்கணும்."

கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் ஷூவின் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவிழ்த்தாள். ஒன்று, அடுத்தது. கால்களைத் தூக்கி மேலே வைத்து, நடீனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். விரிப்பின் மடிப்புக் கோடுகள் அவள் எடைக்குக் கலைந்தன.

நிமிடங்கள் போயின. முதுகு கேட்டது, விரோதமான குரலில், "முழிச்சிருக்கியா?"

"முழிச்சிருக்கேன், தூங்கு."

டெல்ஃபினாவின் மூச்சு சீராகியது. அவளை விற்கப் பார்த்தவளின் காவலில் அவள் வாய் பிளந்து தூங்கினாள். நடீன் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து பார்த்தாள். தலையணையில் கன்னம் அமுங்கியிருந்தது. சூடாக்கியின் காற்று திரையை அசைத்தது. வெளியே பனி கொஞ்சம் விலகி, வாய்க்கால் கரையில் நடீனின் கூடாரம் தெரிந்தது. இங்கிருந்து பார்க்க அது அவ்வளவு சின்னதாக, யாரோ வீசிவிட்டுப் போன துணிபோல் இருந்தது. டெல்ஃபினா தினமும் இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

பொறாமை போய்விடவில்லை. மடியில் கம்பி இருந்த இடத்தில் இப்போது அது கனமாக உட்கார்ந்திருந்தது. அந்தத் தலையணை, அந்தத் துண்டு, மூன்று கோப்பைகள். ஒவ்வொன்றையும் பார்த்து வேண்டும் வேண்டும் என்றது மனம். வேண்டும் என்று மட்டும்தான் சொன்னது. அவளுக்கு இருக்கக்கூடாது என்று சொல்லும் குரலை நடீன் தேடிப் பார்த்தாள். அது அங்கேயேதான் எங்கோ இருந்தது, தூங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னலில் வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் எழுந்து கட்டிலருகே போனாள். அவளை இன்னும் கொஞ்சம் தூங்கவிடலாம். முன்பென்றால் விட்டிருப்பாள், விட்டுவிட்டுக் காலையில் அதைச் சொல்லியும் காட்டியிருப்பாள். தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுந்திரு. என் முறை."

டெல்ஃபினா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. முனகிக்கொண்டு எழுந்தாள், நாற்காலிக்குப் போனாள், விளக்கைப் போட்டாள். நடீன் ஷூவைக் கழட்டினாள். கறுத்த விரல்களை டெல்ஃபினா பார்த்தாள். சூடாக்கியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

கட்டிலில் ஒரு உடம்பு படுத்திருந்த குழி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நடீன் அதிலேயே படுத்தாள். விருந்தாளிகள் போகவேண்டிய நேரத்துக்கு இன்னும் நிறைய இருந்தது.

"முழிச்சிருக்கியா?"

பதில் வர நேரமானது. நடீன் கண்ணை மூடாமல் காத்திருந்தாள்.

"முழிச்சிருக்கேன்" என்றாள் டெல்ஃபினா. "தூங்கித் தொல."